அந்தக் காட்சி படத்துக்கு வேண்டுமா? முதல் படம் எடுப்பவர்களுக்கு

குறும்படம் முடித்துவிட்டு முதல் பெரிய படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். படுக்கையறைக் காட்சி, முத்தம், நிர்வாணம், பாலியல் வன்முறை, கழுத்தை அறுக்கும் கொலை, இதெல்லாம் சினிமாவில் இருக்கலாமா கூடாதா என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், முடிவு மட்டும் வராது. கலாச்சாரம் கெடுகிறது என்பார் ஒருவர், கலைக்குச் சுதந்திரம் வேண்டும் என்பார் இன்னொருவர், கையில் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு பேராலும் பயன் இல்லை. உங்கள் முன்னால் இருப்பது ஒரே ஒரு காட்சி. அதை வைப்பதா, வைத்தால் எப்படி எடுப்பது, யாரிடம் கேட்பது, எங்கே நிறுத்துவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கலாம். பெரியவர்களுக்காக எடுக்கும் படத்தில் உடம்பும் ஆசையும் வன்முறையும் வரத்தான் செய்யும், அவை இல்லாத வாழ்க்கை யாருக்கும் இல்லை. ஆனால் எவ்வளவு காட்டுகிறோம் என்பது இரண்டாவது கேள்விதான். கேமரா யார் பக்கம் நிற்கிறது, ஃபிரேமில் இருக்கும் நடிகர் எல்லாம் தெரிந்து சம்மதித்தாரா, இந்த இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டிய கேள்விகள். கழுத்து முதல் கால் வரை மூடி எடுத்த பாட்டு ஒன்று பார்க்கவே கூசுவதும், துணியே இல்லாமல் எடுத்த காட்சி ஒன்று கண்ணியமாக இருப்பதும் இதனால்தான்.

எழுதும்போதே முடிவு செய்யுங்கள்

"அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதை நகருமா? நகரும் என்றால் அது தேவையில்லை" என்று ஒரு சோதனை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் படங்களில் பாட்டு போய்விடும், மழை போய்விடும், ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடும் அழகான ஷாட் ஒன்று போய்விடும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்தக் காட்சிக்கு முன்னால் இருந்த மனிதர்களில் யாருக்கு, இந்தக் காட்சிக்குப் பின்னால் என்ன மாறியிருக்கிறது? பதிலை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம். முதல் இரவில் அவள் கை அவன் தோளில் படுகிறது, அவன் மெதுவாக நகர்ந்து திரும்பிப் படுக்கிறான். இங்கே மாறியது அவளுக்குத் தெரிந்துவிட்ட ஒரு உண்மை. அப்படியென்றால் உங்களுக்கு வேண்டிய ஷாட் நகர்ந்த அந்தத் தோளும் அவள் முகமும்தான், அவள் ஜாக்கெட்டின் முதுகுப்பக்கம் இல்லை. இன்னொரு கதை. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு கணவன் மனைவி, பல மாதம் ஒரே வீட்டில் அந்நியர்களாக இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் மறுபடி ஒருவரை ஒருவர் தொடுகிறார்கள். இங்கே உடம்புதான் கதை. வெட்கப்பட்டு விளக்கை அணைத்துவிட்டு அடுத்த நாள் காலைக்குப் போனீர்கள் என்றால், இரண்டு மணி நேரம் சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அந்த ஒரு வெட்டிலேயே தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள். துணிச்சல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அந்த ஒரு வரிப் பதில்தான் சொல்லும், டிரெண்ட் சொல்லாது, தயாரிப்பாளரின் நண்பர் சொல்ல மாட்டார்.

அப்புறம் இன்னொன்று. "இருவரும் நெருக்கமாகிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். செட்டில் நடக்கிற பாதிக் கொடுமைக்கு அந்த ஒரு வரிதான் காரணம். அதைப் படிக்கும் நடிகை கட்டிப்பிடிப்பது என்று நினைப்பார், கேமராமேன் வேறு ஒன்றை நினைத்து லைட் வைப்பார், தயாரிப்பாளர் டீசருக்கு ஒரு ஷாட் கிடைத்தது என்று நினைப்பார். யார் முதலில் தொடுகிறார், என்ன உடை, எது விலகுகிறது, ஃபிரேமில் என்ன தெரிகிறது, எங்கே முடிகிறது என்று முழுசாக எழுதுங்கள். எழுத உங்களுக்கே கூச்சமாக இருந்தால், அதை இன்னொருவரைச் செய்யச் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை.

பாலியல் வன்முறைக் காட்சி

நம் சினிமாவில் மிக மோசமாகக் கணித்து எடுக்கப்பட்ட காட்சிகளைப் பட்டியல் போட்டால் முதல் பக்கம் முழுக்க இதுதான் வரும் என்று நினைக்கிறேன். 70களில் இருந்து பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பழகிய சங்கதி: ஹீரோவுக்கு ஒரு தங்கை இருப்பாள், வில்லன் வருவான், புடவை இழுபடும், வளையல் உடையும், கண்ணாடியில் அவள் முகம் தெரியும், அடுத்த காட்சியில் அவள் பிணம். அப்புறம் ஹீரோ கிளம்புவார். இதைக் குடும்பத்தோடு பார்க்கும் படம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள், நாமும் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒரு முத்தத்துக்குக் கொதித்தெழுந்தவர்கள் இதைப் பார்த்து எழுந்து போகவில்லை.

அந்தக் காட்சிகளில் என்ன கோளாறு என்று ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள், நல்ல பாடம். கேமரா வில்லனின் உயரத்தில் இருக்கும். கவர்ச்சிப் பாட்டில் எந்த இடத்தை எந்தக் கோணத்தில் காட்டினார்களோ அதே இடம், அதே கோணம். அவளுடைய பயத்தைவிட அவளுடைய உடை விலகுவதற்கு அதிக நேரம் கொடுத்திருப்பார்கள். பார்க்கிறவனைப் பதற வைப்பதாகச் சொல்லிக்கொண்டு அவனை எட்டிப்பார்க்க வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு படத்தில் வேலையே இருக்காது. ஹீரோவுக்குக் கோபம் வருவதற்காக ஒரு பெண்ணைச் சிதைத்திருக்கிறார்கள்.

அதனால் என் விதி இது: அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளுக்கு எத்தனை காட்சிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவள் பேசுகிற, முடிவெடுக்கிற, சாப்பிடுகிற, கோபப்படுகிற காட்சிகள். ஒன்றுமே இல்லை என்றால் சம்பவத்தையும் எடுக்காதீர்கள், கதையைத் திருப்பி எழுதுங்கள். காட்சிகள் இருக்கின்றன என்றால், பெரும்பாலும் சம்பவத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போவதைப் பார்ப்பீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் அவளிடம் கேட்கப்படும் கேள்விகள், ஆஸ்பத்திரியில் அவள் உடைகளைக் கவரில் போட்டு சீல் வைப்பது, வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவது. இந்த மூன்றும் சம்பவத்தைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்லிவிடும்.

காட்டியே ஆக வேண்டிய படங்களும் உண்டு. சேகர் கபூர் இயக்கி 1994இல் முடித்த 'பாண்டிட் குயின்' வழக்கை முதல் படம் எடுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொள்ளைக் கூட்டத் தலைவியாக இருந்த பூலன் தேவியை நிர்வாணமாக ஊர் நடுவே நடத்திக் கொண்டுபோகும் காட்சி அதில் வருகிறது. உயர் நீதிமன்றம் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது, 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நிர்வாணம் பார்ப்பவருக்கு இச்சையைக் கிளப்புவதற்காக வைக்கப்பட்டது இல்லை, அதைச் செய்தவர்கள் மேல் அருவருப்பும் அவள் மேல் இரக்கமும் வருவதற்காக வைக்கப்பட்டது, படத்தை முழுசாகப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நிலை. ஒரு காட்சியை எடைபோட இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பூலன் தேவி அப்போது உயிரோடு இருந்தார், படத்தை எதிர்த்து அவரே கோர்ட்டுக்குப் போனார், பிறகுதான் சமரசம் ஆனது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நடந்த வன்கொடுமையை அவள் அனுமதி இல்லாமல் திரையில் மறுபடி நடத்திக்காட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று எழுத்தாளர் அருந்ததி ராய் 1994இலேயே எழுதினார். எனக்கு இரண்டும் சரி என்றுதான் படுகிறது. காட்சியின் நோக்கம் சரி, அந்தப் பெண்ணிடம் கேட்காமல் விட்டது தவறு. ஆகவே உண்மைச் சம்பவத்தை எடுக்கப் போகிறீர்கள் என்றால், பாதிக்கப்பட்டவரை, அவர் இல்லையென்றால் அவர் வீட்டாரை, ஸ்கிரிப்ட் முடிவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சட்டமும் இருக்கிறது: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவுப்படி குற்றம். பெயரை மாற்றிவிட்டு ஊர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் பெயர் மாற்றியதில் அர்த்தமே இல்லை.

காட்டாமல் சொல்வது

இரண்டு பூக்கள் உரசும், அலை வந்து பாறையில் மோதும், விளக்கு அணையும். இவற்றைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது, மறைமுகமாகச் சொல்வது என்றாலே பழைய பாணி, கோழைத்தனம் என்று. அந்தப் பூக்களிடம் இருக்கும் குறை அவை எதையும் சொல்லவில்லை என்பதுதான். யார் படத்தில் வேண்டுமானாலும் அதே பூவை ஒட்டலாம்.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆவது பாட்டை எடுத்து ஒரு தடவை ஷாட் பிரித்துப் பாருங்கள். அவனோடு கூடிய நேரத்தில் வேறு யாரும் அங்கே இல்லை, அவன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் அவள். அப்புறம் ஒன்று சொல்கிறாள், ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் மாதிரி மெல்லிய கால், ஓடும் தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. அவ்வளவுதான் பாட்டு, ஐந்தே அடி. அந்தப் பறவைக்கு எதையும் மூடுகிற வேலை இல்லை. சாட்சிக்கு ஆள் இல்லாத அவள் பயமும், தன் இரையிலேயே கண்ணாக இருந்த அந்தக் குருகு வாய் திறந்து சொல்லப் போவதில்லை என்ற தவிப்பும், அவள் கண் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது. படுக்கையைக் காட்டாமல் கேமராவை வேறு எங்கேயாவது திருப்பப் போகிறீர்கள் என்றால், அந்த இடத்தில் பாத்திரத்தின் மனசு இருக்க வேண்டும். எதிர்வீட்டு டிவி சத்தமாக இருக்கலாம், நாளைக்குக் கட்ட வேண்டிய வட்டிப் பணம் அலமாரியில் இருப்பதாக இருக்கலாம், அந்தக் கதைக்கு மட்டும் உரியதாக இருந்தால் போதும்.

வன்முறைக்கும் இதே வழிதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தது, குளியலறைக் கொலை ஒரு நிமிடம்கூட ஓடாது, கறுப்பு வெள்ளை, ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். அதை எடுக்க ஒரு வாரம் செலவழித்தார்கள். கத்தியின் வேகத்தையும் அலறலையும் எடிட்டிங் வெட்டுகளையும் சேர்த்து, பார்த்தவர்கள் தாங்கள் பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லும்படி செய்தார்கள்.

நடிகரிடம் எப்படிக் கேட்பது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள், ஏனென்றால் மற்ற தவறுகளில் படம் கெடும், இதில் ஒரு மனிதரின் வாழ்க்கையே கெட்டுப்போகும்.

இத்தாலிய இயக்குநர் பெர்டோலுச்சியின் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' 1972இல் வந்தது. அதில் நடித்த மரியா ஷ்னைடருக்குப் படப்பிடிப்பின்போது 19 வயது, மார்லன் பிராண்டோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதில் வரும் வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்துவது என்று இயக்குநரும் பிராண்டோவும் அன்று காலையில் பேசி முடிவு செய்தார்கள், அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. நடிகையாக நடிப்பதைவிட ஒரு பெண்ணாக அவள் அவமானப்படுவது தனக்கு வேண்டியிருந்தது என்று பெர்டோலுச்சியே 2013இல் பேட்டியில் சொன்னார். உறவு நடிப்புதான், ஆனால் திரையில் தெரியும் கண்ணீர் நிஜம், நான் அவமானப்பட்டேன் என்று மரியா 2007இல் சொல்லியிருந்தார். அவர் 2011இல் இறந்துவிட்டார். உலகம் முழுக்கப் படித்த சினிமாக்காரர்கள் அந்தப் படத்தைப் பல வருஷம் கொண்டாடினார்கள்.

"நிஜமான ரியாக்‌ஷன் வேண்டும், அதனால் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க" என்று எந்த செட்டில் யார் சொன்னாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அறை விழுவதில்கூட இந்த வேலை செய்யக் கூடாது. நடிப்பு என்பது தெரிந்தே செய்வது, அதை வாங்கத் தெரியாத இயக்குநர்தான் ஏமாற்றி வாங்குவார்.

நம் பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது, அது பொதுவெளிக்கு வந்தது 2024 ஆகஸ்டில். முதலில் சொன்னது ஒன்று, செட்டில் போனபின் கேட்டது வேறு என்று நடிகைகள் சாட்சி சொன்னது அதில் இருக்கிறது. வெளியேற முடியாத இடத்தில் வைத்துக் கேட்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஆளைத் தேர்வு செய்வதற்கு முன்பே அந்தக் காட்சியை முழுசாக, நீங்கள் எழுதியிருக்கிறபடி, படிக்கக் கொடுங்கள். வாயால் சொல்வது போதாது, "அதெல்லாம் அழகா எடுத்துடுவோம்மா" என்பது இன்னும் மோசம். ஒரு இரவாவது நேரம் கொடுங்கள், பதிலை உங்களிடமே நேரில் சொல்ல வைக்காதீர்கள், மேனேஜர் வழியாகவோ ஒரு பெண் உதவி இயக்குநர் வழியாகவோ வரட்டும், புதுமுகம் ஒருவர் இயக்குநரின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆடிஷனில் யாரையும் உடையைக் கழற்றச் சொல்லாதீர்கள், காரணம் என்னவாக இருந்தாலும்.

சம்மதித்தால் ஒப்பந்தத்தோடு ஒரு தனித் தாள் சேர்த்து எழுதுங்கள். உடம்பின் எந்தப் பகுதி தெரியும், எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது, எந்த உடை, டூப் உண்டா (டூப் போடுவதற்கும் அந்த நடிகரின் சம்மதம் வேண்டும், பார்ப்பவர்கள் அது அவர் உடம்பு என்றுதான் நினைக்கப் போகிறார்கள்), டிரெய்லரிலும் போஸ்டரிலும் அந்தக் காட்சி வருமா, பயன்படுத்தாத ஃபுட்டேஜை எப்போது அழிப்பீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் ஷூட்டிங் அன்று காலையில் அவர் மனசு மாறலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். மனசு மாறினால் அவர் சம்மதிக்கும் அளவுக்குக் காட்சியை மாற்றி எடுங்கள். அன்றைய செலவு போகட்டும்.

சண்டைக்கு ஸ்டன்ட் மாஸ்டர் இருக்கிறார், பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார், ஒரு குத்து எங்கே விழ வேண்டும் என்பதைக்கூட எண்ணிச் சொல்லிக்கொடுத்துத்தான் எடுக்கிறோம், இந்தக் காட்சிக்கு மட்டும் "நீங்களே பண்ணுங்க" என்று விட்டுவிடுவது என்ன நியாயம்? இதற்கென்றே இன்டிமசி கோஆர்டினேட்டர் என்று ஒரு வேலை வந்துவிட்டது. எச்பிஓ நிறுவனம் 2018இல் தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒருவர் இருப்பார் என்று அறிவித்தது, இந்தியாவில் 2022இல் வந்த இந்திப் படமான 'கெஹ்ராயியான்' அந்த வேலையைச் செய்தவருக்கு டைட்டிலில் பெயர் போட்டது. உங்கள் பட்ஜெட்டில் அவரை அழைக்க முடியவில்லை என்றால், இயக்குநரும் தயாரிப்பாளரும் அல்லாத, நடிகரே தேர்ந்தெடுத்த ஒருவரை அந்த நாள் முழுக்க உடன் வையுங்கள், நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தோடு. அந்த அதிகாரம் இல்லாவிட்டால் அவர் சும்மா நிற்கும் ஆள்தான்.

ஒத்திகை முழு உடையில். ஒவ்வொரு அசைவும் எண்ணிக்கைப்படி. ஷூட்டிங்கில் கேமராமேன், ஃபோகஸ் புல்லர், பூம் பிடிப்பவர் என்று அவசியமானவர்கள் மட்டும், எல்லோருடைய போனும் வெளியே. மானிட்டர் ஒன்றே ஒன்று, அதற்கு முன்னால் தயாரிப்பாளரின் விருந்தாளிகள் உட்காரக் கூடாது. கட் சொன்ன நொடியில் துண்டோ அங்கியோ கொண்டுவந்து போர்த்த ஒருவர் தயாராக நிற்க வேண்டும். தோல் நிற உடை, டேப், இருவருக்கும் நடுவே வைக்கும் பேட், இதெல்லாம் காஸ்ட்யூமர் முன்பே வாங்கி வைக்க வேண்டிய சாமான்கள், அன்றைக்குத் தேடக் கூடாது. இதையெல்லாம் ஆண் நடிகர்களுக்கும் செய்யுங்கள். அவர்களிடம் யாருமே கேட்பதில்லை, அவர்களுக்கும் கூச்சமும் பயமும் உண்டு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும், படப்பிடிப்பும் வேலையிடம்தான். குழுவில் யார் இருக்கிறார், எந்த எண்ணில் அழைப்பது என்று கால்ஷீட் தாளிலேயே அச்சடியுங்கள்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வைத்து இப்படி எதையும் எடுக்கக் கூடாது. நடிப்பு என்ற சமாதானம் செல்லாது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் இருந்து இருக்கிறது. பள்ளிக்கூடக் காதல் கதைகளில் பெரியவர்களைச் சிறியவர்களாக நடிக்கவைத்துவிட்டு யூனிஃபார்மோடு கவர்ச்சி ஷாட் வைக்கிறார்கள் பாருங்கள், அதையும் விட்டுவிடுங்கள். பார்ப்பவருக்குத் திரையில் தெரிவது ஒரு பள்ளி மாணவி.

எடிட்டிங்கில் தெரியவரும்

தலை இல்லாத உடம்பு என்று ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் முகம் தெரியாமல் உடம்பின் ஒரு துண்டு மட்டும் தெரியும் ஷாட்களை எண்ணுங்கள், ஒவ்வொன்றையும் படத்தில் யார் பார்ப்பது என்று கேளுங்கள். பாத்திரங்களில் யாரும் பார்க்கவில்லை என்றால் அது நீங்கள் பார்ப்பது, வெட்டுங்கள். ஸ்லோமோஷன் இருந்தால் சாதாரண வேகத்தில் போட்டுப் பாருங்கள், பாதி நேரம் காட்சியில் விஷயமே இல்லை என்று தெரிந்துவிடும். பின்னணி இசையை அணைத்துவிட்டு ஒரு தடவை. வன்கொடுமைக் காட்சிக்கு அடியில் தாளம் வைத்து வேகமேற்றுவது நம் ஊரில் பழகிப்போன பிழை, பார்ப்பவர் உடம்பு தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது இந்தக் காலத்துக்கான சோதனை. படம் வெளியானதும் அந்த இருபது நொடியை மட்டும் யாரோ வெட்டி, நடிகையின் பெயரைப் போட்டு, வாட்ஸ்அப்பிலும் ஆபாசத் தளங்களிலும் சுற்றவிடுவார்கள். இது நடந்துகொண்டே இருக்கிறது. அந்தத் துண்டைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், ஒலியில்லாமல், கதை தெரியாத ஒருவராக. முன்பின் இல்லாமல் பார்த்தால் வெறும் சதையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் கதையை ஃபிரேமுக்குள்ளேயே கொண்டுவாருங்கள், முகத்தை விடாமல் பிடித்திருங்கள், அகலமான ஒரே ஷாட்டில் வையுங்கள், அந்த நேரத்திலேயே வசனம் வரட்டும். துண்டாக்கினாலும் அவர் ஒரு பாத்திரமாகத் தெரியும்படி எடுக்க முடியும், கொஞ்சம் உழைக்க வேண்டும்.

எடிட் ஆன காட்சியை, டப்பிங்குக்கு முன்னால், அதில் நடித்தவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். அந்த ஃபைல் இருக்கும் ஹார்ட் டிஸ்க் யாரிடம் போகிறது என்று எழுதி வையுங்கள்.

சென்சாரும் சான்றிதழும்

சென்சாரை எதிரியாகவும் நினைக்க வேண்டாம், ஆசிரியராகவும் நினைக்க வேண்டாம். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் 1991இல் வந்த வழிகாட்டுதல்களை ஒரு தடவை படியுங்கள், சில பக்கங்கள்தான். பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு அவசியம் என்றால் மிகக் குறைவாக, விவரமாகக் காட்டாமல் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. படத்தை முழுமையாகப் பார்த்து அதன் மொத்தத் தாக்கத்தை எடைபோட வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் காட்சிக்கு வாதாட இந்த இரண்டாவது வரிதான் கைகொடுக்கும். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரிந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள், வாரியத்தின் மறுஆய்வுக் குழுவிலும் ஒத்துவரவில்லை என்றால் உயர் நீதிமன்றம்தான். அதற்கான பணமும் மாதங்களும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

ஏ சான்றிதழ் கிடைத்தால் தொலைக்காட்சி உரிமை விற்காது, வெட்டி மறுபடி யுஏ வாங்க வேண்டும், தயாரிப்பாளர் இதைச் சொல்லித்தான் உங்களை நெருக்குவார். முன்பு இன்னொரு காரணமும் இருந்தது, தமிழ்நாட்டில் 2011இல் இருந்து கேளிக்கை வரி விலக்கு வேண்டும் என்றால் யு சான்றிதழ் இருந்தாக வேண்டும், அதற்காகப் படங்களை எப்படியாவது யு ஆக்கிவிட அலைந்தார்கள். பெரியவர்களுக்கான படத்தைக் குழந்தைகள் படம் மாதிரி வேஷம் போட்டு விற்பதுதான் எனக்கு ஆபாசத்தைவிடப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. ஏ என்றால் ஏ என்றே எடுங்கள், போஸ்டரில் பெரிதாகப் போடுங்கள், டிரெய்லரை வைத்தே படம் எப்படிப்பட்டது என்று தெரியட்டும். "குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியலையே" என்ற குறை நியாயமாவது, குடும்பப் படம் என்று கூப்பிட்டு உட்காரவைத்தபோதுதான்.

ரத்தத்துக்கும் இதுவே. உடம்பைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், தலை துண்டாகி உருளும் காட்சிக்கு விசில் அடிக்கும் அரங்கில் ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொள்வதில்லை. கொலைக் காட்சியிலும் செத்தவனுக்கு ஒரு பெயர், ஒரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். காவல் நிலையச் சித்திரவதையைக் காட்டும்போது அடி வாங்குபவன் பக்கம் கேமரா இருந்தால் பார்ப்பவருக்கு வலிக்கும், அடிக்கிறவன் பக்கம் ஹீரோ இசையோடு இருந்தால் கை தட்டுவார்கள். இரண்டிலும் அதே லத்திதான்.

கடைசியாக, எடிட்டிங்கை இறுதி செய்து படத்தைப் பூட்டுவதற்கு முன்னால் உங்கள் நண்பர்கள் அல்லாத சிலருக்குப் போட்டுக் காட்டுங்கள். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும், வயதானவர்களும் இருக்கட்டும். அந்தக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். முடிந்ததும் "அந்தக் காட்சி எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நாகரிகமாக நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்கு அடுத்த காட்சியில் அவள் என்ன பேசினாள் என்று கேளுங்கள். ஞாபகம் இல்லை என்று பலர் சொன்னால், முந்தைய காட்சி அவளைத் தாண்டி வேறு எதையோ காட்டிவிட்டது என்று அர்த்தம். மறுநாளே எடிட்டரைக் கூப்பிட்டு உட்காருங்கள், இசையமைப்பாளருக்கு ரீல் போவதற்கு முன்னால்.